டெஸ்ட் எடுக்கலாம்... முதல்ல அக்காகிட்ட கேட்டீங்களா?

எங்க பெரியம்மா வீட்டு பீரோவுக்குள் ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது. அதில் துணி இல்லை. ஒன்பது எக்ஸ்ரே. எல்லாமே ஒரே ஆளுடையது: பெரியம்மா மகள், என் அக்கா. முதல் எக்ஸ்ரே எடுத்தபோது அவளுக்கு ஒன்றரை வயசு. இப்போது 24. எக்ஸ்ரே எடுக்காமலே கட்டுப் போட்டது எத்தனை தடவை என்று கேட்டால் பெரியம்மாவுக்கே கணக்குத் தெரியாது.

திருத்தணிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பக்கம் யாருக்கு எலும்பு முறிந்தாலும் முதலில் வாயில் வருகிற ஊர் புத்தூர். ரயில் ஏறி நகரியைத் தாண்டினால் ஆந்திராவில் அடுத்து வருகிற ஊர்தான். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை என்று அந்தக் கட்டின் வாசனையே அக்காவின் சின்ன வயசு வாசனை. ஒவ்வொரு தடவையும் எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் "ஏன் திரும்பத் திரும்ப உடையுது?" என்ற கேள்வியை மட்டும் வீட்டில் யாரும் சரியான இடத்தில் கொண்டுபோய்க் கேட்கவில்லை. பால் குடிக்க மாட்டேங்குறா, கால்சியம் கம்மி, கண்ணு பட்டிருக்கு என்று பதில் மட்டும் நிறைய இருந்தது. அவள் கண்ணின் வெள்ளைப் பகுதி லேசான நீலமாக இருக்கும். அழகா இருக்குடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். அதுவே ஒரு நோய்க்குறி என்று எங்களுக்கு 22 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? அண்ணி கர்ப்பமானார். அப்போதுதான் வீட்டுக்கே பயம் வந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது. கருவில் இருக்கும் குழந்தைக்குப் பரம்பரை எலும்பு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை இன்று நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறோம். என் கருத்து வேறு. வேண்டும்தான். ஆனால் கருவைக் கேட்பதற்கு முன்னால், அந்த நோயோடு வீட்டில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவரைக் கேட்க வேண்டும். இது மனசாட்சிக்காக மட்டும் சொல்வது இல்லை. மருத்துவத்தின் வரிசையே அதுதான்.

டாக்டர் கேட்ட ரெண்டு கேள்வி

அண்ணிக்கு எட்டாவது வாரம். வேலூரில் ஒரு மரபியல் மருத்துவரிடம் போனார்கள். "குழந்தைக்கு டெஸ்ட் பண்ணணும்" என்றான் அண்ணன். டாக்டர் கேட்டது: "உங்க தங்கச்சியோட நோய்க்கு என்ன பேரு? அவங்களுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சா?"

ரெண்டுக்கும் பதில் இல்லை. ஒன்பது எக்ஸ்ரே இருந்தது, ஒரு பெயர் இல்லை.

கோடிங் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நம் மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். எந்த வரியில் பிழை என்றே தெரியாமல் கருவிலிருந்து சாம்பிள் எடுத்து என்ன தேடுவது? அதனால் முதலில், நோய் இருப்பவரின் ரத்தத்தில் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பெற்றோரிடம். அதன் பிறகுதான் கரு. 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து கொஞ்சம் திசு எடுக்கலாம். 15, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்கலாம். இதனால் கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வர ஐந்தாறு வாரம் ஆகும் என்றார்கள். ஆக, கர்ப்பம் ஆன பிறகு தொடங்குகிற எந்தக் குடும்பமும் கடிகாரத்தோடு ஓட வேண்டியதுதான்.

அன்று இரவு அக்காவிடம் வந்து கேட்டார்கள். கேட்டார்கள் என்று சொல்வதைவிட, "நாளைக்கு உனக்கு ரத்தம் எடுக்கணும்" என்று சொன்னார்கள். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "ரத்தம் தரேன். ஆனா ரிசல்ட் வந்து என்ன பண்றதுன்னு பேசுவீங்கல்ல, அப்போ நானும் அந்த ரூம்ல இருக்கணும்."

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

கம்பியும் கான்கிரீட்டும்

நான் சிவில். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எலும்பு ஒரு ஆர்.சி.சி. கால்சியம், பாஸ்பேட் உப்புகள் கான்கிரீட் மாதிரி, அழுத்தத்தைத் தாங்கும். கொலாஜன் என்ற புரத இழைதான் கம்பி. இழுவையையும் வளைவையும் அது தாங்கும். கம்பி சரியில்லாத ஸ்லாபுக்குச் சிமெண்டை எவ்வளவு கொட்டினாலும் விரிசல் விடும். அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரைகளின் கதையும் அதேதான்.

இந்தக் கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கயிறு. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம் தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வரவேண்டும். அப்போதுதான் முறுக்கு இறுக்கமாக உட்காரும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, கிளைசின் இடத்தில் பெரிய அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு அங்கே தடைபடும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று இதற்குப் பெயர். சுருக்கமாக ஓ.ஐ. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று. கண்ணின் வெண்மை நீலமாகத் தெரிவதும் கொலாஜன் மெலிந்திருப்பதால்தான்.

ஆனால் ஓ.ஐ. ஒரே நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பிரதி கெட்டிருந்தாலே நோய் வரும். அந்தப் பிழை பெற்றோரிடம் இல்லாமல், குழந்தையிடம் புதிதாக உண்டாகியிருக்கவும் கூடும். இன்னும் சில வகைகளில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வரும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இந்த இரண்டாவது வகைக்கு வாய்ப்பு கூடும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். பெரியம்மா கட்டியது தன் தாய்மாமனை. எனக்கு அவர் பெரியப்பாவா, சின்னத் தாத்தாவா என்று சின்ன வயசில் குழம்பியிருக்கிறேன். அண்ணனும் நகரியிலிருந்து அத்தை மகளைத்தான் கட்டினான். ஆக, அக்காவுக்கு இருப்பது இரண்டாவது வகை என்றால், அண்ணன் அந்தப் பிழையைச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அண்ணியும் சுமந்தால் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒன்று. ஆனால் அது புதிதாக வந்த முதல் வகை என்றால், நோயே இல்லாத அண்ணனின் குழந்தைக்கு மற்ற எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் ஆபத்து. அதாவது கிட்டத்தட்ட இல்லை.

இரண்டில் எது என்று ஸ்கேன் சொல்லாது, ஜோசியர் சொல்ல மாட்டார். அக்காவின் ரத்தம்தான் சொல்லும். இத்தனை வருஷம் "பாரம்" என்று பார்க்கப்பட்ட ஆளின் கையில்தான் அந்தக் குடும்பத்துக்கே தேவைப்பட்ட பதில் இருந்தது.

மால்மருகன் ஊரில்

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிப் பேசினால் நம்ம ஊரில் உடனே கோபம் வரும். தணிகை மலையில் கல்யாணக்கோலத்தில் நிற்பவரே மாமன் மகளைக் கட்டியவர். மால்மருகன் என்றே அவருக்குப் பெயர். 1960ல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஊருக்குத்தான் எல்லை போட்டார்கள், கல்யாணத்துக்கு இல்லை. இந்தப் பக்கம் 'முறைப்பொண்ணு', அந்தப் பக்கம் 'மேனரிகம்'. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்தியாவின் சராசரி 11.

இதில் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகள்தான் பிறக்கின்றன. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குப் பெயர் தெரியாத எலும்பு நோய் இருந்தால், கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பெயர் முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம். ஒரு நோயில் குழந்தை மூன்று வயசு வரை சாதாரணமாக ஓடி ஆடும். அப்புறம் விரல் மூட்டுகள் தடித்து, நடை மாறும். பார்ப்பதற்கு மூட்டுவாதம் மாதிரியே இருக்கும். பல குழந்தைகள் மூட்டுவாதம் என்றே வருஷக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறார்கள். உண்மையில் அது இரண்டு பிரதியும் கெட்டதால் வரும் ஒரு குருத்தெலும்பு நோய். இந்தியக் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு குறிப்பிட்ட எழுத்துப் பிழையையே நம் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தப்பான பெயர் இருந்தால் தப்பான மருந்து. அடுத்த குழந்தைக்குத் தப்பான தைரியம்.

பெயரால் ஆபத்தும் உண்டு. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் சாகர் தாலுகாவில் 1970களின் நடுவில் இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க முடியாமல் போகும் ஒரு நோய் கவனத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித் விவசாயக் கூலிகள். உணவா, பூச்சிமருந்தா என்றெல்லாம் முதலில் சந்தேகப்பட்டு, பிறகுதான் பரம்பரையாக வருவது என்று தெரிந்தது. அந்த நோய்க்கு ஒட்டிக்கொண்ட பெயர் ஊரின் பெயர்: ஹந்திகோடு. யோசித்துப் பாருங்கள், நம்ம ஊர் பெயரில் ஒரு நோய் இருந்தால் நம்ம வீட்டுப் பெண்களுக்கு எப்படி வரன் வரும்? அதனால்தான் சொல்கிறேன், ரிப்போர்ட் அந்த நபருக்குச் சொந்தம். மண்டபத்தில் பேசுகிற விஷயம் இல்லை.

ரிசல்ட் வந்த நாள்

பதினாலாவது வாரம். அக்காவும் அந்த ரூமில் இருந்தாள்.

கொலாஜன் மரபணுவில் ஒரு பிழை. முதல் வகை. பெரியப்பா, பெரியம்மா இருவர் ரத்தத்திலும் அது இல்லை. அக்காவிடம் புதிதாக வந்தது. அண்ணி குழந்தைக்கு இதற்காக ஊசி போட்டுச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார் டாக்டர்.

அண்ணன் அழுதுவிட்டான். பெரியம்மா அழவில்லை. "அப்போ நான் எங்க மாமாவைக் கட்டினதால இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் டாக்டர். திரும்பவும் கேட்டார். திரும்பவும் இல்லை என்றார். 22 வருஷமாக மாமியார் வாயிலும் ஊர் வாயிலும் கேட்ட பழி அது. கருவைப் பற்றிய டெஸ்ட் என்று போனோம்; அது விடுவித்தது ஒரு அம்மாவை.

கிளம்பும்போது டாக்டர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அண்ணன் குழந்தைக்குப் பயம் இல்லம்மா. ஆனா உங்களுக்குக் குழந்தை பொறந்தா, ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. நீங்க யோசிக்கிறப்போ முன்கூட்டியே வாங்க, பேசலாம்."

ரூமில் சத்தமே இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அவளுக்குக் கல்யாணம், குழந்தை என்று ஒன்று இருக்கலாம் என்பதை நாங்கள் என்றைக்கோ அழித்துவிட்டிருந்தோம். இந்தப் பரிசோதனை உண்மையில் யாருக்குத் தேவைப்படலாமோ, அவளைச் சாம்பிள் கொடுக்க மட்டும்தான் கூப்பிட்டிருந்தோம்.

"இப்படிப் பொறக்காமலே பண்ணிடலாமே?"

இதை என் கிளாஸ்மேட்ஸே கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. இரண்டு பதில்.

முதலாவது, அது நடக்கவே நடக்காது. உயரக்குறைவில் நமக்கு அதிகம் தெரிந்த வகை அகாண்ட்ரோப்ளேசியா. அதோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள். பிழை புதிதாக வருகிறது. கை கால் குட்டையாக இருப்பது பெரும்பாலும் ஆறாம் மாதம் தாண்டித்தான் ஸ்கேனில் தெரியும். ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மல் என்றே வரலாம். 2023ல் வெளியான சர்வதேசப் பட்டியலில் பரம்பரை எலும்பு நோய்கள் 771. எல்லாவற்றையும் சல்லடை போட்டு நிறுத்தும் டெஸ்ட் எதுவும் இல்லை. இவர்கள் நம்மோடு பிறந்துகொண்டேதான் இருப்பார்கள். அப்படியானால் லிஃப்ட், ரேம்ப், ஸ்க்ரைப், சிகிச்சை எல்லாம் என்றைக்கும் தேவை.

இரண்டாவது, 'எலும்பு நோய்' என்ற ஒரே சொல்லுக்குள் ரொம்ப வேறுபட்ட வாழ்க்கைகள் இருக்கின்றன. ஓ.ஐ.யிலேயே பிறந்த சில நாட்களில் மூச்சுவிட முடியாமல் இறந்துபோகும் கொடிய வகை இருக்கிறது. அப்படி ஒரு குழந்தையை இழந்த தாய் அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. டெஸ்ட்டே வேண்டாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான். இன்னொரு பக்கம், அதே ஓ.ஐ.யோடு 2016 யூ.பி.எஸ்.சி. தேர்வில் 420வது ரேங்க் எடுத்த உம்முல் கேர் இருக்கிறார். டியூஷன் எடுத்துக்கொண்டு, சீரியல் பார்த்துக்கொண்டு, என்னோடு சண்டை போடும் என் அக்காவும் இருக்கிறாள். வாழ்வதற்கு ரேங்க் எடுத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1994ல் வந்து 2003ல் திருத்தப்பட்ட கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் எல்லாக் கருப் பரிசோதனையையும் தடுக்கவில்லை. குடும்பத்தில் மரபணு நோய் இருந்தால் சோதிக்கலாம். ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லக் கூடாது. பக்கவிளைவுகளைச் சொல்லி, கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. திருத்தணியில் அந்த மொழி தமிழாகவும் இருக்கலாம், தெலுங்காகவும் இருக்கலாம். எங்களிடம் ரத்தம் எடுத்த இடத்தில் கையெழுத்துக்கு நீட்டிய தாள் முழுக்க ஆங்கிலம். ஒரு இன்ஜினியரிங் மாணவனான எனக்கே பாதி புரியவில்லை. தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த அண்ணி, நாளைக்குத் தன் கருவைச் சோதிக்க அதே மாதிரி தாளில் கையெழுத்துப் போட வேண்டி வந்திருந்தால்?

கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பு இல்லை. அந்தக் குழுவில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மரபியல் மருத்துவரைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அந்த நோயோடு வாழ்கிற ஒருவரிடம் பேச அந்தத் தாய்க்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் எங்கும் இல்லை. 'கணிசமான' என்றால் எவ்வளவு? அதை அளக்க ஸ்கேன் மட்டும் போதுமா?

முடிவு அந்தப் பெண்ணுடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமியாருடையது இல்லை, கணவனுடையது இல்லை, என் போன்ற கட்டுரை எழுதுபவனுடையதும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் தெரிந்து எடுப்பது முடிவு ஆகாது. எலும்பை உறுதியாக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து இருக்கிறது. குழந்தை வளர வளரத் தானும் நீளும் டெலஸ்கோப் கம்பியை எலும்புக்குள் வைக்கிறார்கள். 2021 அரிய நோய்க் கொள்கையில் ஓ.ஐ. இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உயரக்குறைவு தனிப் பிரிவாகவே இருக்கிறது. இதையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட பிறகு எடுப்பதுதான் முடிவு.

நாம என்ன பண்ணலாம்?

இதைப் படிக்கிற பலருக்கு இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் கல்யாணப் பேச்சு வரும். ஜாதகம் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உங்கள் வீட்டில், அடிக்கடி எலும்பு உடைகிற ஒரு சித்தப்பா, வளராமல் நின்றுபோன ஒரு அத்தை, கல்யாண வீட்டில் பின் ரூமில் உட்கார வைக்கப்படும் ஒரு அக்கா இருந்தால், அவர்களிடம் போய் உட்காருங்கள். உங்களுக்கு என்ன நோய் என்று யாராவது பெயர் சொன்னார்களா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால், அவர்கள் சம்மதித்தால், மரபியல் பிரிவு இருக்கிற மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். யாரோ ஒருத்தர் கர்ப்பமாகும் வரை காத்திருக்காதீர்கள். இது முதலில் அவர்களுக்காக. மற்றவர்களுக்குப் பயன்படுவது அப்புறம்.

பெயர் தெரிந்த பிறகு அக்காவுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ஊசி மருந்து போடுகிறார்கள். போன வருஷம் ஒரு முறிவுகூட இல்லை. அண்ணன் மகனுக்கு இப்போது ஒன்றரை வயசு. வீடு முழுக்க ஓடுகிறான்.

போன வாரம் அக்காவிடம் கேட்டேன்: "அந்த ஃபிஃப்டி பர்சன்ட் பத்தி யோசிச்சியா?"

"முதல்ல மாப்பிள்ளையைப் பாருங்கடா" என்றாள். "அப்புறம் டெஸ்ட் எடுக்கிறதா வேணாமான்னு நானும் அவனும் பேசிக்கிறோம். அந்த ரூம்ல நீ இருக்க வேணாம்."